செக்கு எண்ணெயா, ஆலிவ் எண்ணெயா? இதய நோயாளிகளின் குடும்பத்தாருக்கு ஒரு விளக்கம்

மாரடைப்புக்குச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளியின் குடும்பத்தார் எங்களிடம் கேட்கும் கேள்விகளில், எண்ணெய் பற்றிய கேள்வி தவறாமல் இடம்பெறும். காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பல வீடுகளின் அடுப்படியில் இன்று இரண்டு புட்டிகள் அருகருகே நிற்கின்றன. ஒன்று, வெளிநாட்டில் பணிபுரியும் மகனோ மகளோ, "அப்பாவின் இதயத்துக்கு நல்லது" என்று வாங்கி வந்த ஆலிவ் எண்ணெய். மற்றொன்று, மரச்செக்குக் கடையில் வாங்கிய நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய். இவற்றில் எதைப் பயன்படுத்துவது என்பது முதல் கேள்வி. எவ்வளவு பயன்படுத்துவது என்பது அடுத்து வர வேண்டிய கேள்வி. அதைக் கேட்போர் மிகச் சிலரே. மூன்றாவது கேள்வி சற்றுத் தயக்கத்துடன் வரும்: "செக்கு எண்ணெய்க்கு மாறிவிட்டோம், டாக்டர். இனிக் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா?"

இந்த மூன்றாவது கேள்விதான் எங்களைக் கவலைகொள்ளச் செய்கிறது. ஆகவே விடையை முதலிலேயே சுருக்கமாகக் கூறிவிடுகிறோம். செக்கு என்பது எண்ணெய் எடுக்கும் முறை. அந்த எண்ணெயில் எவ்வகைக் கொழுப்பு இருக்கும் என்பதை முடிவு செய்வது வித்து. அதில் எவ்வளவு உடலுக்குள் செல்லும் என்பதை முடிவு செய்வது நம் கையிலுள்ள கரண்டி. மருத்துவர் எழுதித்தந்த மாத்திரையின் வேலையை இம்மூன்றில் எதுவும் செய்யாது. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக விளக்குவோம்.

தலைக்கு, விளக்குக்கு, அடுப்புக்கு

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்பது நம் முன்னோர் வாக்கு. வாணியர் என்போர் செக்கில் எண்ணெய் ஆட்டித் தந்தவர்கள். நல்ல எண்ணெய்க்குச் செலவிட்டால் நோய்க்குச் செலவிட வேண்டியதில்லை என்பது இதன் பொருள். இன்று இப்பழமொழியைச் சொல்லி, குழம்பின் மேல் எண்ணெய் மிதக்க மிதக்கச் சமைப்பதை நியாயப்படுத்துவோரும் உண்டு. ஆனால் வாணியரிடம் வாங்கிய எண்ணெய் முழுவதும் அடுப்படிக்குச் சென்றதில்லை. எண்ணெய்க்கு அன்று மூன்று வேலைகள் இருந்தன: தலைக்குத் தேய்த்தல், விளக்கெரித்தல், சமைத்தல்.

விளக்குக்குப் பெரிதும் உதவியது இலுப்பை எண்ணெய். நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் ஒன்று அமைந்திருக்கும் இலுப்பைக்குடி, அம்மரத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. இலுப்பை, நட்ட சில ஆண்டுகளிலேயே பலன் தரும் மரமன்று. காய்க்கவே ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆகும். காய்க்கத் தொடங்கினால் தலைமுறை தலைமுறையாகத் தந்துகொண்டிருக்கும். அதன் பூவின் இனிப்பை, "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்ற பழமொழி இன்றும் நினைவூட்டுகிறது. விதையை ஆட்டினால் எண்ணெய். எஞ்சிய பிண்ணாக்கு நுரை தரும். தலையில் தேய்த்த எண்ணெயைப் போக்க அரப்பாகப் பயன்பட்டது.

எண்ணெய் ஆட்டுவது எத்துணைப் பழைய தொழில் என்பதற்குக் கல்வெட்டுகளே சான்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் செக்குக்கு விதித்த வரி, "செக்கிறை" என்று குறிக்கப்பட்டுள்ளது. வரி விதிக்கும் அளவுக்கு ஊர்தோறும் செக்குகள் சுழன்றிருக்கின்றன. பின்னர் மின்விளக்கு வந்தது; விளக்கெண்ணெய்த் தேவை குறைந்தது. எண்ணெய்க் குளியலும் வாரத்துக்கு இருமுறை என்பதிலிருந்து தீபாவளிக்கு ஒருமுறை என்றாயிற்று. எண்ணெய்க்கு எஞ்சிய ஒரே வேலை சமையல்தான். வயலில் உழைத்த உடலும், நடந்தே ஊர்விட்டு ஊர் சென்ற கால்களும் இன்று நாற்காலியில் அமர்ந்துவிட்டன. பழமொழியை மேற்கோள் காட்டும்போது இந்த மாற்றத்தையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும்.

செக்கில் நடப்பது என்ன?

செக்கின் அமைப்பு எளியது. அடியில் உரல், அதற்குள் சாய்ந்து நின்று சுழலும் உலக்கை. உரல் கல்லாலோ மரத்தாலோ ஆனது; உலக்கைக்கு வாகை மரம் பெயர் பெற்றது. முன்பு மாடுகள் சுற்றிவந்தன. இன்று பெரும்பாலும் மின்மோட்டார் சுழற்றுகிறது. ஆயினும் வேகம் நிமிடத்துக்குச் சில சுற்றுகளே. ஒருமுறை இட்ட எள் எண்ணெயாகப் பிரிய ஏறத்தாழ ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும்.

எள்ளைப் புடைத்து, கல்லும் மண்ணும் நீக்கி, காயவைத்து உரலில் இடுவார்கள். உலக்கை சுழலச் சுழல எள் நசுங்கி மாவாகும். அப்போது சிறிது நீர் தெளித்து, கருப்பட்டியும் சேர்ப்பது வழக்கம். இது சுவைக்காக மட்டுமன்று. நசுங்கிய எள்மாவு ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு பிண்ணாக்காகத் திரளவும், எண்ணெய் தனியே பிரிந்து வடியவும் இது உதவுகிறது. வடிந்த எண்ணெயில் கசடும் ஈரமும் இருக்கும். அவை அடியில் படியும்வரை சில நாள் தெளியவைத்து, மேலேயுள்ள தெளிவை இறுத்தெடுப்பார்கள்.

உரலில் உராய்வினால் ஓரளவு சூடு எழும். ஆனால் எண்ணெய் கொதிக்கும் நிலைக்குச் செல்வதில்லை. இரசாயனக் கரைப்பானும் இதில் சேர்வதில்லை. ஆகவே வித்தின் மணம், நிறம், வைட்டமின் ஈ, எள்ளுக்கே உரிய செசமின், செசமோலின் ஆகியவை எண்ணெயில் தங்குகின்றன. நல்லெண்ணெய் எளிதில் சிக்குப் பிடிக்காமல் இருப்பதற்கு இப்பொருள்களே காரணம். இது செக்கின் உண்மையான சிறப்பு.

ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ எள் தேவைப்படும். இந்தக் கணக்கை நினைவில் வைத்திருப்பது நல்லது. இரண்டரை கிலோ எள்ளின் விலையைவிட மிகக் குறைவான விலைக்கு ஒரு லிட்டர் "செக்கு நல்லெண்ணெய்" கிடைக்குமானால், பிண்ணாக்கு விற்ற பணத்தைக் கழித்துப் பார்த்தாலும் கணக்கு இடிக்கும். அதில் வேறு மலிவான எண்ணெய் கலந்திருக்க வாய்ப்புண்டு.

ஆலிவ் எண்ணெய்: பழத்திலிருந்து பிழிவது

ஆலிவ் எண்ணெயின் கதையும் பழைய மரங்களின் கதையே. நடுநிலக் கடலைச் சுற்றியுள்ள கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின், பாலஸ்தீனம் போன்ற நாடுகளில் நூற்றாண்டுகளைக் கடந்த ஆலிவ் மரங்கள் இன்றும் காய்க்கின்றன. கிரீஸ் நாட்டின் கிரீட் தீவில் வூவெஸ் என்ற சிற்றூரிலுள்ள மரத்துக்கு வயது 2,000 ஆண்டுகளுக்குக் குறையாது என்று கணித்துள்ளார்கள். அடிமரம் முறுக்கேறிப் பொந்தாகிப் போன பின்னும் அது காய்ப்பதை நிறுத்தவில்லை.

நம் எண்ணெய்கள் வித்திலிருந்து வருபவை. ஆலிவ் எண்ணெயோ பழத்தின் சதையிலிருந்து வருவது. பழத்தைப் பறித்தவுடன், பெரிய கல்லுருளைகளுக்கு அடியில் கொட்டையோடு அரைப்பார்கள். அரைத்த விழுதை வட்டப் பாய்களில் பரப்பி, பாய்மேல் பாய் அடுக்கி அழுத்துவார்கள். வழியும் சாற்றில் நீரும் எண்ணெயும் கலந்திருக்கும். எண்ணெய் மேலே மிதக்கும். இன்று பெரும்பாலான ஆலைகளில் இவ்வேலையை வேகமாகச் சுழலும் இயந்திரங்கள் செய்கின்றன. 27 பாகைச் செல்சியசுக்கு மேல் சூடேறாமல் எடுத்தால் மட்டுமே "குளிர்முறையில் எடுத்தது" என்று குறிக்கலாம் என்பது ஐரோப்பிய விதி. "எக்ஸ்ட்ரா வர்ஜின்" என்ற உயர்தரப் பெயரைப் பெற, எண்ணெயின் அமிலத்தன்மை 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

செக்குக்காரருக்கும் ஆலிவ் ஆலைக்காரருக்கும் நோக்கம் ஒன்றே: மிகுந்த சூடின்றி, வேறெதுவும் சேர்க்காமல், இயற்கைப் பொருள்கள் கெடாமல் எண்ணெயைப் பிரித்தல். முறையளவில் இரண்டும் உறவினர்களே.

ஆலிவ் எண்ணெயின் புகழ் எங்கிருந்து வந்தது?

1958-இல் அமெரிக்க அறிவியலாளர் ஆன்செல் கீஸ் தொடங்கிய "ஏழு நாடுகள் ஆய்வு", கிரீட் தீவின் ஆண்களிடையே இதய நோயால் இறப்போர் மிகக் குறைவு என்பதைக் கண்டது. அவர்கள் ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக உண்டார்கள் என்பது உண்மை. அதோடு காய், கீரை, பருப்பு, பழம் ஆகியவற்றையும் நிறைய உண்டார்கள். இறைச்சியைக் குறைவாக உண்டார்கள். மலைச்சரிவுகளில் நாள்முழுதும் உழைத்தார்கள். எண்ணெயை மட்டும் பிரித்தெடுத்துப் புகழ்வது முழுக்கதை ஆகாது.

இதற்குப் பின் ஸ்பெயினில் "பிரெடிமெட்" என்ற பெரிய ஆய்வு நடந்தது. இதய நோய் வரும் அபாயம் மிகுந்த 7,447 பேர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். முதல் பிரிவினர் நடுநிலக் கடல் பகுதி உணவோடு எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் உண்டார்கள். இரண்டாம் பிரிவினர் அதே உணவோடு நாளொன்றுக்கு 30 கிராம் கொட்டைப் பருப்புகள் உண்டார்கள். மூன்றாம் பிரிவினருக்குக் கொழுப்பைக் குறைக்குமாறு அறிவுரை வழங்கப்பட்டது. 2013-இல் வெளிவந்த முடிவுகள், பங்கேற்பாளர்களைப் பிரித்த முறையில் சில குறைகள் தெரியவந்ததால் திரும்பப் பெறப்பட்டு, மறு ஆய்வுக்குப் பின் 2018-இல் மீண்டும் வெளியிடப்பட்டன. முடிவு பெரிதும் மாறவில்லை. ஏறத்தாழ 5 ஆண்டுகளில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் இறப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைச் சந்தித்தவர்கள், ஆலிவ் பிரிவில் 100-க்கு 3.8 பேர், கொட்டைப் பருப்புப் பிரிவில் 3.4 பேர், மூன்றாம் பிரிவில் 4.4 பேர்.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. நன்மை உண்டு, ஆனால் அது அற்புதமன்று. அந்த நன்மை ஆலிவ் எண்ணெய்க்கு மட்டும் உரியதுமன்று. கொட்டைப் பருப்பு உண்டவர்களும் ஏறக்குறைய அதே பலனைப் பெற்றார்கள். இரு பிரிவுக்கும் பொதுவாக இருந்தது காயும் பருப்பும் பழமும் மிகுந்த உணவு. அந்த உணவு இல்லாமல், பொரித்த பணியாரத்தின் அருகில் ஆலிவ் எண்ணெய்ப் புட்டியை வைப்பதால் பயனில்லை.

எண்ணெய்க்குள் இருக்கும் கொழுப்பு

எந்தச் சமையல் எண்ணெயும் மூவகைக் கொழுப்புகளின் கலவையே. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால், இரத்தத்தில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். உயரும். அதுவே இதயத்தின் தமனிகளில் படிந்து அடைப்பை உண்டாக்குவது. ஒற்றை நிறைவுறாக் கொழுப்பும் பல்நிறைவுறாக் கொழுப்பும், நிறைவுற்ற கொழுப்புக்கு மாற்றாக வரும்போது எல்.டி.எல். அளவைக் குறைக்க உதவும்.

ஆலிவ் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ 14 சதவீதம். பெரும்பகுதி ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு. நல்லெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ 15 சதவீதம். மற்ற இரு வகைகளும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். கடலை எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 20 சதவீதத்தை ஒட்டியது. மிகுதியில் பெரும்பங்கு ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு. அதாவது இதயத்தின் கண்ணோட்டத்தில் நம் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் ஆலிவ் எண்ணெயிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. பல மடங்கு விலை கொடுத்து ஆலிவ் எண்ணெய் வாங்க இயலவில்லையே என்று எந்தக் குடும்பமும் வருந்த வேண்டியதில்லை. வாங்கியிருந்தால் பயன்படுத்தலாம், நாளின் மொத்த எண்ணெய்க் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ 90 சதவீதம். இலுப்பை எண்ணெயில் 45 சதவீதத்தை ஒட்டும். நியாயவிலைக் கடையில் கிடைக்கும் பாமாயிலும் ஏறக்குறைய அவ்வாறே. இவற்றைச் செக்கில் ஆட்டினாலும் ஆலையில் எடுத்தாலும் இந்த விகிதம் மாறாது. செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் மணமானது. ஆனால் மாரடைப்பு வந்தவருக்கு அது அன்றாடச் சமையல் எண்ணெய் ஆகாது. இலுப்பை எண்ணெய் விளக்கில் எரியட்டும். "தீப எண்ணெய்" என்று விற்கப்படுபவை உண்ணத் தக்கவை அல்ல. அவற்றைச் சமையல் எண்ணெயோடு ஒரே அலமாரியில் வைப்பதையும் தவிர்க்கவும். பாமாயிலையே நம்பியிருக்கும் குடும்பங்கள் அளவைக் குறைத்து, இயன்ற அளவு கடலை எண்ணெயையோ நல்லெண்ணெயையோ மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் போதும்.

ரீஃபைண்ட் எண்ணெய் நஞ்சா?

அன்று. ஆலையில் எடுக்கும்போது அமிலம், நிறம், மணம் ஆகியவற்றை நீக்க எண்ணெயை உயர்ந்த வெப்பத்துக்கு உட்படுத்துகிறார்கள். அதில் வைட்டமின் ஈ போன்றவை ஓரளவு குறைகின்றன. கொழுப்பின் வகையோ பெரும்பாலும் அப்படியே இருக்கும். ரீஃபைண்ட் கடலை எண்ணெய் உண்பவருக்கு அதனாலேயே மாரடைப்பு வந்துவிட்டது என்று கூறுவது சரியன்று. அதுபோலவே, செக்கு எண்ணெய் உண்பவருக்கு மாரடைப்பு வராது என்பதும் சரியன்று.

சுத்திகரிப்பில் ஒரு நன்மையும் உண்டு. ஈரத்தில் பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவாகும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சம் அளவிலான வான்கோழிகள் மடிந்தபோது, அவற்றுக்கு இட்ட கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தே இந்நஞ்சைக் கண்டறிந்தார்கள். மனிதருக்குக் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்க வல்லது இது. சுத்திகரிப்பு இந்நஞ்சைப் பெருமளவு நீக்கிவிடும், செக்கு நீக்காது. ஆகவே செக்குக் கடலை எண்ணெயின் தரம் முழுவதும் கடலையின் தரத்தையே பொறுத்தது. சொந்தக் கடலையை ஆட்டக் கொடுப்போர் சுருங்கியவை, நிறம் மாறியவை, பூஞ்சை படிந்தவை ஆகியவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு, நன்கு காய்ந்ததை மட்டும் கொடுக்க வேண்டும். "எண்ணெய்க்குத்தானே" என்று கெட்டுப்போன கடலையை ஆட்டுவது மிகத் தவறு. கடையில் வாங்குவோர், உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் தயாரித்த நாளும் அச்சிட்ட புட்டியையே வாங்கவும்.

எவ்வளவு ஊற்றுவது?

எந்த எண்ணெயாயினும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. செக்கு எண்ணெய்க்கும் ஆலிவ் எண்ணெய்க்கும் இதில் சலுகை இல்லை. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, ஏறத்தாழ 40 கலோரி தரும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்கு எண்ணெய், நெய் முதலிய கொழுப்புகள் அனைத்தும் சேர்ந்து நாளொன்றுக்கு 27 கிராம் என்று வகுத்துள்ளது. இது ஏறத்தாழ 6 தேக்கரண்டி. இதய நோயோ சர்க்கரை நோயோ உள்ளவர்களில், உடல் எடை மிகுந்து உழைப்புக் குறைந்தவர்களுக்கு நாங்கள் 4 தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுமாறு கூறுகிறோம்.

இதை வீட்டுக் கணக்காக மாற்றிப் பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில், ஆளுக்கு 4 தேக்கரண்டி என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டரை லிட்டர். ஆளுக்கு 6 தேக்கரண்டி என்றால் மூன்றரை லிட்டர். நெய்யும் இதற்குள் அடக்கம். மாதம் ஐந்தாறு லிட்டர் தீர்கிறதென்றால், எந்த எண்ணெய் என்ற கேள்வியைவிட எவ்வளவு என்ற கேள்வியே உங்கள் வீட்டுக்கு முதன்மையானது. வளரும் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இந்தக் குறைப்பு பொருந்தாது. அவர்களுக்குரிய அளவைத் தனியே கேட்டுக்கொள்ளவும்.

அளக்க ஓர் எளிய வழி உண்டு. புட்டியிலிருந்து நேரே வாணலியில் சாய்க்காதீர்கள். அன்றைய தேவையைக் காலையிலேயே ஒரு சிறு கிண்ணத்தில் அளந்து வைத்து, அது தீர்ந்தால் அன்றைக்குத் தீர்ந்தது என்று கொள்ளுங்கள். செட்டிநாட்டுக் குழம்பின் சுவை மிளகிலும் சோம்பிலும் பட்டையிலும் அரைத்த மசாலாவிலும் இருக்கிறது. தாளிக்க இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் போதும், மணம் குறையாது.

பொரித்த எண்ணெய்

வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், சீயம், தேன்குழல் ஆகியவை இல்லாத விசேடம் நம் பகுதியில் இல்லை. அவற்றை அறவே விலக்குமாறு நாங்கள் கூறவில்லை. விசேட நாளில் ஒன்று உண்பதும், மறுநாள் முதல் மிச்ச எண்ணெயில் வாரம் முழுவதும் சமைப்பதும் வேறு வேறு. மீண்டும் மீண்டும் காய்ந்த எண்ணெய் உடைந்து, தீய சேர்மங்கள் பெருகும். இவ்வாறு உண்டாகும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்து, 2018 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. வீட்டில் அளக்கக் கருவி இல்லை. கண்ணும் மூக்கும் போதும். நிறம் கறுத்து, பிசுபிசுத்து, நுரைத்து, விரைவில் புகைந்து, காறல் வாடை வீசும் எண்ணெய் கெட்ட எண்ணெய். சுத்திகரிக்காத செக்கு எண்ணெய் சற்று விரைவாகவே புகையத் தொடங்கும். ஆகவே நெடுநேரம் பொரிப்பதற்கு அது ஏற்றதன்று. பொரிக்கக் குறைந்த எண்ணெயை எடுங்கள். மிஞ்சியதை ஓரிரு நாளில் தாளிக்க மட்டும் பயன்படுத்தி முடித்துவிடுங்கள்.

மாத்திரையை நிறுத்தலாமா?

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறோம். நல்ல எண்ணெய்க்கு மாறி, அளவையும் குறைத்தால், எல்.டி.எல். சில சதவீதம் முதல் 10 சதவீதம் வரை குறையக்கூடும். ஸ்டேட்டின் வகை மாத்திரைகளோ அதை 30 முதல் 50 சதவீதம் வரையும், சிலரில் அதற்கு மேலும் குறைக்கின்றன. மாரடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல். 70 மில்லிகிராமுக்குக் கீழும், பலருக்கு 55-க்குக் கீழும் இருக்க வேண்டும். எண்ணெயை மாற்றுவதால் மட்டும் இந்த இலக்கை அடைவது அரிது. மேலும், தமனியில் ஏற்கெனவே படிந்துள்ள கொழுப்புத் திட்டு வெடித்துவிடாமல் உறுதிப்படுத்துவதும் ஸ்டேட்டினின் வேலை. பரிசோதனையில் அளவு குறைந்திருப்பது மாத்திரை வேலை செய்வதற்கான அடையாளம்; நிறுத்துவதற்கான அனுமதியன்று.

நல்லெண்ணெய் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்ற செய்தியையும் சிலர் எடுத்துவருகிறார்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்ததுண்டு. நம்பிக்கையளிக்கும் முடிவுகளும் கிடைத்தன. ஆனால் அவை 45 நாள் நடந்த சிறிய ஆய்வுகள். அதில் பங்கேற்றோர் தம் இரத்த அழுத்த மாத்திரைகளை உட்கொண்டபடியே நல்லெண்ணெயைச் சமையலில் பயன்படுத்தினார்கள். மாத்திரைக்கு மாற்றாக நல்லெண்ணெய் என்று அவ்வாய்வு கூறவில்லை.

எல்லாவற்றிலும் முதன்மையான எச்சரிக்கை ஒன்று. ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்தினால், ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்து திடீர் மாரடைப்பும் மரணமும் நேரலாம். உறவினரோ அண்டை வீட்டாரோ கைப்பேசியில் வந்த காணொளியோ என்ன கூறினாலும், மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். மாத்திரையால் தசைவலி, வயிற்றெரிச்சல் போன்ற தொல்லை இருந்தால் மறைக்காமல் கூறுங்கள். அளவைக் குறைக்கவும் வேறு மாத்திரைக்கு மாற்றவும் வழிகள் உள்ளன. செலவு தாங்கவில்லை என்றாலும் கூறுங்கள். விலை குறைந்த மாற்று மருந்துகள் கிடைக்கின்றன.

வீட்டில் கடைப்பிடிக்க

அன்றாடச் சமையலுக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். செக்கு எண்ணெய் வாங்க வசதியிருந்தால் நன்று. இல்லையெனில் தரமான ரீஃபைண்ட் எண்ணெயும் ஏற்றதே.

செக்கு எண்ணெயை ஒரு மாதத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். ஈரம் போக ஓரிரு நாள் வெயிலில் வைப்பது வழக்கம். அதன் பின் வெளிச்சமும் வெப்பமும் அதற்குப் பகை. பீங்கான் சாடியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ மூடி, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். பழைய எண்ணெயின் மேல் புதிய எண்ணெயை ஊற்றாதீர்கள்.

வனஸ்பதியையும், அதில் செய்த கடைத் தின்பண்டங்களையும் தவிர்த்துவிடுங்கள்.

மாலைப் பலகாரத்துக்கு மாற்றாக ஒரு கைப்பிடி வேகவைத்த நிலக்கடலை அல்லது சுண்டல், உப்புக் குறைவாக, உண்ணலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் முன்னதாக எங்களைக் கேட்டுக்கொள்ளவும்.

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை ஏற்பட்டால், எண்ணெய் தேய்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். வாயுப்பிடிப்பு என்று எண்ணியும் நேரத்தை இழக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது இரண்டு செய்திகளை ஒரு தாளில் எழுதி வாருங்கள்: உங்கள் வீட்டில் எத்தனை பேர் உண்கிறீர்கள், சென்ற மாதம் எத்தனை லிட்டர் எண்ணெயும் எத்தனை கிராம் நெய்யும் தீர்ந்தன. சமைப்பவரையும் உடன் அழைத்து வாருங்கள். வாணியருக்குக் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்பதை நாம் சேர்ந்து கணக்கிடுவோம்.